பதில்: கூச்ச சுபாவம் உள்ளவர் பி.எட். படிக்கலாமா?

வணக்கம் சகோதரி. கணிதப் பட்டம், ஐ.டி. வேலை, இப்போது பி.எட். ஆசை, ஆனால் நாலு பேர் முன் நா எழாது, நான் எப்படி டீச்சர் ஆவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கூச்சம் பெரிய தடையில்லை. கணீர்க் குரலோடு வகுப்பையே தூங்க வைப்பவர்கள் எத்தனையோ பேர்! 1/3 + 1/4 = 2/7 என்று ஒரு பிள்ளை எழுதினால் சிவப்பு மையால் அடிக்க யாருக்கும் வரும். ஏன் அப்படி எழுதியது என்று பார்ப்பதுதான் டீச்சர் வேலை. மேலே உள்ளதை மேலே, கீழே உள்ளதைக் கீழே கூட்டியிருக்கிறது; அதன் கணக்கில் அது நியாயம்தான். "அரை தோசையும் அரை தோசையும் சேர்ந்தால் எவ்வளவு? உன் முறையிலேயே போடு" என்று சொல்லிப் பாருங்கள். 2/4, அதாவது மறுபடியும் அரை தோசை! பிள்ளையே விழிக்கும். அக்கா மகனுக்குச் சொல்லித் தருவதாக எழுதியிருந்தீர்களே, அவன் தப்பாகப் போடும்போது உங்களுக்கு எரிச்சல் வருகிறதா, ஏன் இப்படிப் போட்டான் என்ற ஆர்வம் வருகிறதா? ஆர்வம் என்றால் தைரியமாக வாருங்கள்.

லீவு நிறைய கிடைக்கும் என்பதற்காக என்றால் வேண்டாம். திருத்த வேண்டிய நோட்டுகளும், மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவுகளும் வீடுவரை வரும்.

பி.எட். இரண்டு வருடம். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி. கூச்சம் பெரும்பாலும் அங்கேயே கழன்றுவிடும். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறிய பிறகும் தனிப் போட்டித் தேர்வு உண்டு. அதுவரை தனியார் பள்ளிதான், சம்பளம் இப்போது வாங்குவதில் பாதிகூட வராமல் போகலாம். வீட்டுக் கடன் தவணை இருக்கிறது என்றீர்கள், ராஜினாமா கடிதத்துக்கு முன் அந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.