ஸ்மார்ட் கார்டும் ஆர்.எஃப்.ஐ.டி.யும் ஒன்றா? பேட்டரி இல்லாத கார்டு ரீடரோடு எப்படிப் பேசுகிறது?

நீங்கள் கேட்பதைப் பார்த்தால், அலுவலகத்தில் புதிதாகக் கார்டு கொடுத்திருப்பார்கள், விற்றவர் ஒரு தடவை ஸ்மார்ட் கார்டு என்றும் இன்னொரு தடவை ஆர்.எஃப்.ஐ.டி. என்றும் சொல்லிக் குழப்பிவிட்டுப் போயிருப்பார் என்று தோன்றுகிறது. கதவுகளுக்கு ரீடர், அதாவது கார்டைப் படிக்கும் கருவி, மாட்டுவதுதான் என் பிழைப்பு, அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் சும்மா போக முடியவில்லை. சுருக்கமாகச் சொன்னால், ஆர்.எஃப்.ஐ.டி. என்பது மின்சாரத்தையும் பேச்சையும் காற்றில் கொண்டுபோகும் முறை. அந்தப் பேச்சைக் கேட்டு, கணக்குப் போட்டுப் பதில் சொல்லும் சிப் உள்ளே இருந்தால்தான் அது ஸ்மார்ட் கார்டு.

ரீடருக்குள் ஒரு காயில், அதாவது கம்பிச் சுருள், இருக்கிறது. அது நொடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை, அதாவது 13.56 மெகாஹெர்ட்ஸில் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. கார்டின் ஓரத்தை ஒட்டி மெல்லிய கம்பி சில சுற்று ஓடுகிறது. புலத்துக்குள் கார்டு வந்ததும் அந்தக் கம்பியில் மின்சாரம் பிறந்து சிப் விழித்துக்கொள்ளும். பேட்டரி தேவையில்லாமல் போவது இதனால்தான். பதில் சொல்லும் விதம் இன்னும் அழகு. கார்டு தனியாக எந்த அலையையும் அனுப்புவதில்லை, தான் இழுக்கும் மின்சுமையைக் கூட்டிக் குறைக்கிறது, அந்தச் சின்ன ஏற்ற இறக்கம் ரீடரின் காயிலில் தெரிய, ரீடர் அதையே 0, 1 என்று படித்துக்கொள்கிறது. இதற்கான விதிகள் ஐ.எஸ்.ஓ. 14443 என்ற சர்வதேசத் தரத்தில் இருக்கின்றன. தூரம் அதிகபட்சம் 10 சென்டிமீட்டர் அளவுதான். "கிடங்கில் ஒட்டும் டேக் பல மீட்டர் தள்ளியே படிக்குதே" என்று யாராவது கமெண்ட் போடுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், அது 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள வேறு வகை, நான் அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்தக் கம்பியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம். ஒரு நிறுவனத்தில் புதுக் கார்டு கொடுத்த மறுநாளே பாதிக்கு மேல் வேலை செய்யவில்லை என்று போன். போனதும் நாலு பேர் முன்னால் "டூப்ளிகேட் சரக்கா?" என்று கேட்டார்கள். நான் ஒரு கார்டை வாங்கி, பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்தேன். வெள்ளை பிளாஸ்டிக்குக்குள் கம்பிச் சுற்றுகள் நிழலாகத் தெரிந்தன, மேல் ஓரத்தில் கழுத்துக் கயிறு மாட்ட அவர்கள் போட்ட ஓட்டை அந்தச் சுற்றுகளைச் சரியாக அறுத்துக்கொண்டு போயிருந்தது. சுற்று அறுந்தால் மின்சாரம் இல்லை, சிப் நன்றாக இருந்தும் எழுந்திருக்காது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள், ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மாற்றுக் கார்டுக்கான பில்லை மாசக்கணக்கில் இழுத்தடித்தார்கள். சம்பந்தமில்லாமல் பேசுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, சின்னதாகத் தொழில் செய்பவனிடம் வேலையை இன்றைக்கே முடி என்பதும், காசை அக்கவுண்ட்ஸில் கேள் என்பதும் எந்த ஊர் நியாயம்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய 125 கிலோஹெர்ட்ஸ் கார்டுகளில் பல, புலம் கிடைத்ததும் தன் நம்பரைத் திரும்பத் திரும்பச் சொல்லும், அவ்வளவுதான். அந்த நம்பரை எவரும் நகலெடுக்கலாம். நல்ல ஸ்மார்ட் கார்டு அப்படிச் செய்யாது. ரீடர் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு எண்ணைக் கொடுக்க, சிப் தனக்குள் இருக்கும் ரகசியச் சாவியால் அதை மாற்றித் திருப்பித் தரும். சாவி மட்டும் காற்றில் போவதே இல்லை. ஆனால் சாவியும், அதை வைத்து எண்ணை மாற்றும் கணக்குமுறையும் உறுதியாக இருக்க வேண்டும். 1994-ல் வந்த மைஃபேர் கிளாசிக் என்ற கார்டு வகையில் இருந்தது 48 பிட் நீளமுள்ள சின்னச் சாவி, அதன் ரகசியக் கணக்குமுறையை 2008-ல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டிவிட்டார்கள். டெஸ்ஃபயர் மாதிரி, ஏ.இ.எஸ். என்ற உறுதியான பூட்டுக் கணக்குமுறையைப் பயன்படுத்தும் கார்டுகள் இருக்கும்போது இன்றும் அந்தப் பழையதையே புதுக் கட்டடங்களில் மாட்டச் சொல்கிறார்கள்.

இதைவிடக் கோபம் வருவது வேறொன்றுக்கு. நல்ல கார்டுக்குப் பணம் கொடுத்து வாங்கிவிட்டு, ரீடரை வெறும் சீரியல் நம்பர் மட்டும் படிக்கும்படி அமைத்துவிடுகிறார்கள். சீரியல் நம்பரை மாற்றி எழுதக்கூடிய போலிக் கார்டுகள் சந்தையில் இருக்கின்றன, அப்புறம் உள்ளே இருக்கும் சிப்பால் என்ன பயன்? எல்லா இன்ஸ்டாலர்களும் இப்படி என்று சொல்லவில்லை, கவனமாகச் செய்பவர்களையும் எனக்குத் தெரியும்.

உங்களுக்கு மாட்டியவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: கதவு திறக்கும் முன் ரீடர் சரிபார்ப்பது சீரியல் நம்பரையா, சாவியையா? சாவி என்றால் எந்த வகை, அது யார் கையில் இருக்கிறது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கார்டில் ஓட்டை மட்டும் போடாதீர்கள், பிளாஸ்டிக் உறை வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.