பாதி பேர் ரூம்ல, பாதி பேர் ஸ்க்ரீன்ல: டீம் மீட்டிங்கை எப்படி நடத்துறது?

கேள்வி: எங்க டீம்ல 11 பேர். 5 பேர் ஆபீஸ் வர்றோம், 6 பேர் வேற ஊர்கள்ல இருந்து ஆன்லைன்ல சேருவாங்க. வாராந்திர மீட்டிங்ல ரூம்ல இருக்கற நாங்கதான் பேசறோம், அவங்க மியூட்லயே இருக்காங்க. சிலர் எல்லாத்தையும் ஆன்லைனுக்கு மாத்தலாம்னு சொல்றாங்க, மேனேஜர் மாசம் 4 நாள் எல்லாரும் நேர்ல வரணும்னு சொல்றார். எது சரி?

பதில்: மாசத்துக்கு எத்தனை நாள்னு பேச ஆரம்பிச்சா இந்த சண்டை தீரவே தீராதுங்க, அந்த மீட்டிங்ல என்ன வேலை நடக்குதுங்கறதுதான் முதல்ல பாக்க வேண்டியது.

ஆனா அதுக்கும் முன்னாடி அந்த 6 பேர். அவங்களுக்கு ஆர்வம் இல்லன்னு தயவுசெஞ்சு நினைக்காதீங்க. நேர்ல பேசும்போது ஒருத்தர் நிறுத்தினதுக்கும் அடுத்தவர் ஆரம்பிக்கறதுக்கும் நடுவுல இடைவெளி சராசரியா 200 மில்லி செகண்ட் அளவுலதான் இருக்கும், 10 மொழிகள்ல அளந்து 2009ல வெளியிட்டாங்க. வீடியோ கால்ல குரல் ஒரு பக்கம் போய்ச் சேரவே 150 மில்லி செகண்ட் ஆகலாம், தொலைபேசித் துறையோட சர்வதேச பரிந்துரையே அதை நல்ல தரம்னுதான் சொல்லுது, அப்போ போக வர 300. ரூம்ல விழுந்த இடைவெளி அவங்க காதுக்குப் போய் அவங்க வாயைத் திறக்கறதுக்குள்ள உங்க பக்கத்துல இருக்கறவர் அடுத்த விஷயத்துக்கே போயிருப்பார். ரெண்டு மூணு தடவை இப்படி ஆனா யாரா இருந்தாலும் மியூட் போட்டுட்டு உக்காந்துடுவாங்க.

அதனால ஒருத்தர் ஆன்லைன்னாலும் அந்த மீட்டிங் எல்லாருக்கும் ஆன்லைன்தான். ஆபீஸ்ல இருக்கற 5 பேரும் அவங்கவங்க சீட்ல, அவங்கவங்க லேப்டாப், ஹெட்செட்டோட சேரணும், ஒரே ரூம்ல 5 மைக் ஆன்ல இருந்தா எக்கோ அடிச்சு எதுவுமே கேக்காது. நடத்தறவர் பேர் சொல்லிக் கூப்பிடணும், தூரத்துல இருக்கறவங்கள்ல இருந்து ஆரம்பிக்கணும். மீட்டிங் முடிஞ்சப்புறம் வெளில நின்னு பேசி நீங்க 5 பேரும் ஏதாவது முடிவு பண்ணிட்டீங்கன்னா அன்னிக்கே குரூப்ல எழுதிப் போடுங்க. நான் பாத்தவரைக்கும் தூரத்துல இருக்கறவங்க மனசு விட்டுப் போறது இந்த இடத்துலதான்.

இப்போ எதுக்கு நேர்ல வரணும்? புது யோசனை வேணும்னா. 2022ல நேச்சர் இதழ்ல வந்த ஆய்வுல 5 நாடுகள்ல கிட்டத்தட்ட 1,500 இன்ஜினியர்களை ஜோடி ஜோடியா யோசிக்க வெச்சாங்க, வீடியோல பேசினவங்களுக்கு நேர்ல பேசினவங்களைவிட கம்மியாதான் ஐடியா வந்துச்சு, கண்ணு ஸ்க்ரீன்லயே நிக்கறதால யோசனையும் குறுகிப் போகுதுன்னு அவங்க விளக்கம். ஆனா வந்த ஐடியால நல்லதைத் தேர்ந்தெடுக்கறதுல வீடியோ ஜோடிகள் ஒண்ணும் பின்தங்கல. இது உங்களுக்கு ரொம்ப உதவும்: யோசிக்கறதை நேர்ல வெச்சுக்கோங்க, அலசி முடிவெடுக்கறதை ஆன்லைன்ல பண்ணுங்க. யார் என்ன வேலை முடிச்சாங்கங்கறதுக்கு மீட்டிங்கே வேண்டாம், எழுதினா போதும். புதுசா சேர்ந்தவங்களைப் பழக்கறது, ரெண்டு பேருக்குள்ள மனஸ்தாபம், இதெல்லாம் முடிஞ்சவரை நேர்ல.

மேனேஜர் சொல்ற மாசம் 4 நாள் வெளியூர்ல இருக்கறவங்களுக்கு பெரிய அலைச்சல், அதுக்குப் பதிலா 3 மாசத்துக்கு ஒரு தடவை சேர்ந்தாப்ல 2 நாள் வரச் சொல்லலாம்ங்கறது என் கருத்து. அந்த 2 நாளை பிரசன்டேஷன் போட்டு மட்டும் வீணாக்கிடாதீங்க. மைக்ரோசாஃப்ட்ல 61,000 பேருக்கு மேல பாத்த ஆய்வு 2021ல வந்துச்சு, வீட்டுல இருந்து வேலைன்னு ஆனதும் அவங்கவங்க குழுவுக்குள்ளயே பேச்சு சுருங்கி, வேற குழுக்களோட தொடர்பு குறைஞ்சுடுச்சு. அதனால வழக்கமா சேர்ந்து வேலை செய்யாதவங்களை ஜோடி போட்டு உக்கார வைங்க, நடுவுல ஒண்ணும் இல்லாத நேரமும் விடுங்க.

ஒரு 6 வாரம் இப்படி ஓட்டிப் பாருங்க. அந்த 6 பேர்ல எத்தனை பேர் கூப்பிடாமலே பேச ஆரம்பிச்சாங்கன்னு மட்டும் கவனிங்க. ரெண்டு பேர்கூட பேசலன்னா ஒவ்வொருத்தரையும் தனியா கூப்பிட்டு கேளுங்க, அப்போ காரணம் மைக்லயோ லேப்டாப்லயோ இருக்காது.