பிணமா நடிக்கக் கூப்பிட்டா தைரியமா போங்க, தம்பி

தம்பி, ஊரை விட்டு வெளிநாடு வந்து ரெண்டு மாசம்தான் ஆகுதுங்கறீங்க. பக்கத்துச் சமூகக் கூடத்துல டின்னர் தியேட்டர், அதான் சாப்பிட்டுக்கிட்டே பார்க்கற நாடகம், போடறாங்க, சிரிப்புக் கொலை மர்ம நாடகம், புது ஆளும் வரலாம்னு நோட்டீஸ் ஒட்டியிருக்காம். நம்ம உச்சரிப்போட போய் நின்னா கேலி பண்ணுவாங்களா, இதனால வேலைக்கு ஏதாவது வழி பிறக்குமா, வீடு எந்தப் பக்கம் பார்க்கறது, ஓட்டுநர் உரிமம் எப்ப எடுக்கறதுன்னு கேட்டிருக்கீங்க. வீட்டுக்கும் உரிமத்துக்கும் வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. நான் நாடகத்துக்கு வர்றேன்.

ஆடிஷன்ல உங்களைப் பார்த்ததும், "ஒரு வெளிநாட்டு டாக்டர் வேஷம் இருக்கு, அந்த உச்சரிப்பைக் கொஞ்சம் தூக்கலா பேசுங்களேன்"னு யாராவது கேட்பாங்க. கெட்ட எண்ணம் ஒண்ணும் கிடையாது. இந்த மாதிரி நாடகத்துல எல்லாருமே கேலிச்சித்திரம்தான்: பணக்கார விதவை, ரிட்டயர்டு கர்னல், கடன்கார மருமகன், ஒட்டுக்கேட்கிற சமையல்காரி. ஆனா மத்த வேஷங்க பண்ற காரியத்துக்குத்தான் கூட்டம் சிரிக்கும், நீங்க வாயைத் திறந்தாலே சிரிக்கும். ஒருதரம் அதை வாங்கிட்டீங்கன்னா வருஷா வருஷம் அதேதான். என்னோட காலத்துல வந்த ஒருத்தர், அருமையான நடிகர், அந்த வேஷத்தைக் கட்டினார். இன்னிக்கும் அவரை அந்த டாக்டர் பேர் சொல்லித்தான் கூப்பிடறாங்க. "வேற எது கொடுத்தாலும் செய்யறேன், நாற்காலி தூக்கறதானாலும் சரி"ன்னு சிரிச்ச முகமா சொல்லிடுங்க. நான் அப்படித்தான் சொன்னேன். பிணம் வேஷம் கொடுத்தாங்க.

அதுக்கு முன்னால உச்சரிப்பு விஷயம். உச்சரிப்பால யாருக்கும் ஒண்ணும் கெட்டுப்போகாது, வேகத்தால கெடும். நாம பேசற வேகத்துக்கு, தட்டும் கரண்டியும் மோதற சத்தத்துல பாதி வசனம் போய்ச் சேராது. சிரிப்பு வந்தா நிறுத்துங்க. அது உச்சிக்குப் போய் இறங்க ஆரம்பிக்கும்போது அடுத்த வசனத்தை எடுங்க. சிரிப்பு மேலேயே பேசினா, வசனத்தை விட்டுடுவோமோன்னு அடுத்த தடவை சிரிப்பையே அடக்கிக்குவாங்க. துப்பு இருக்கிற வரியில இன்னும் கவனம் வேணும். "கூடத்துக் கடிகாரம் பத்து நிமிஷம் பின்னால ஓடுது"ங்கற ஒரு வரி சிரிப்புல முங்கிப்போச்சுன்னா, கடைசியில கொலையாளியைக் காட்டும்போது ஏமாத்திட்டாங்கன்னு கோபம் வரும். அதனாலதான் முக்கியமான துப்பை ரெண்டு மூணு பேர் வாயால திரும்பச் சொல்ல வைப்பாங்க. பாதிப் பேர் தட்டைப் பார்த்துக்கிட்டிருக்கற இடம் அது.

பாஸ்டன்ல 1980-ல தொடங்கி வருஷக்கணக்கா ஓடின 'ஷியர் மேட்னஸ்' நாடகத்தைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. முடிதிருத்தும் கடையில நடக்கிற கதை. சந்தேகப்படறவங்களைப் பார்வையாளர்களே குறுக்குக் கேள்வி கேட்டு, கொலையாளி யாருன்னு ஓட்டுப் போடுவாங்க. ஓட்டுக்குத் தக்கபடி முடிவு. உங்க குழுவும் அந்த வகைன்னா மேஜை மேஜையா போய் ஸ்கிரிப்ட்ல இல்லாத கேள்விக்குப் பதில் சொல்லணும். பயப்படாதீங்க. சின்னதா ஒரு பதில், உடனே எதிர்க்கேள்வி: "அந்த நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?" மேஜையே சிரிச்சுடும், உங்களுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்.

இப்ப நம்மாளுங்க கதை. ஸ்கிரிப்டை ஜெராக்ஸ் எடுத்து, தமிழ்ல மாத்தி, நம்ம சங்கத்துல போட்டுடலாம்னு ஒருத்தர் கட்டாயம் கிளம்புவார். கூடவே போகாதீங்க. நாடகம் போடற ஒவ்வொரு தடவைக்கும் உரிமைத்தொகை கட்டணும், அனுமதியில்லாம மொழிபெயர்க்கவோ வசனத்தை மாத்தவோ கூடாது. "யார் வந்து பார்க்கப் போறான்"னு சொல்றவர்தான் அடுத்த வாரம் வீடியோவை இணையத்துல ஏத்துவார். இன்னொரு வியாதி, ஒத்திகை முடியறதுக்குள்ள கொலையாளி யாருன்னு வாட்ஸ்அப் குழுவுல போட்டுடறது. லண்டன்ல 1952-ல ஆரம்பிச்ச 'மவுஸ்ட்ராப்' நாடகத்துல, முடிவை வெளியில சொல்லாதீங்கன்னு பார்வையாளர்களையே கேட்டுக்குவாங்க. நம்மாளுங்க நடிக்கும்போதே சொல்றாங்க. ஏழு மணி ஒத்திகைக்கு ஏழே முக்காலுக்கு வர்றவங்களைப் பத்தி நான் எழுத ஆரம்பிச்சா இது முடியாது.

துப்பாக்கி விஷயத்துல மட்டும் விளையாட்டு வேண்டாம். குண்டில்லாத வெற்றுத் தோட்டாதானேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஜான்-எரிக் ஹெக்ஸம்னு ஒரு நடிகர் 1984-ல படப்பிடிப்புத் தளத்துல வெற்றுத் தோட்டா போட்ட துப்பாக்கியை நெத்திப்பொட்டுல வெச்சு சுட்டு, அதனாலேயே இறந்துபோனார். சத்தம்தான வேணும்? உள்ளே நின்னு ரெண்டு பலகையை அடிச்சா போதும். பலமான சத்தம் வரும்னு வாசல்ல ஒரு அறிவிப்பும் வைக்கணும்.

சரி, பிணம். முட்டியை மடக்கி, இடுப்பு, அப்புறம் தோள்னு வரிசையா விழணும், இல்லாட்டி அடி படும். நெஞ்சு ஏறி இறங்கறது தெரியாம இருக்க முதுகைக் கூட்டத்துக்குக் காட்டிப் படுக்கணும். எங்க கூடத்துல திரையும் கிடையாது, விளக்கை அணைக்கவும் விடமாட்டாங்க, நடுவுல எழுந்து போக வழியே இல்ல. சூப் வர்றதுக்கு முன்னால செத்தேன்னா, முக்கியச் சாப்பாடு முடியறவரைக்கும் சோபா பக்கத்துல கிடக்கணும், பரிமாறறவங்க என் காலைத் தாண்டித் தாண்டிப் போவாங்க. ஆபீஸ்ல "வெதர் நல்லாயிருக்கு"க்கு மேல என்கிட்ட ஒருத்தரும் பேசாத காலம் அது. செத்துக் கிடந்தப்ப ஊரே பேசிச்சு. மருமகள் சண்டை, முட்டி வலி, பக்கத்து வீட்டு வேலி, எல்லாம். இங்கத்த ஆளுங்க எங்க நிறுத்திப் பேசறாங்க, எதைக் கிண்டலா சொல்றாங்க, எதை நிஜமா சொல்றாங்கன்னு அந்தத் தரையிலதான் பிடிபட்டுச்சு. ஒரு மேஜையில வயசான தம்பதி, என்னைக் கொன்னது யாருன்னு வாக்குவாதம். கடைசியில அந்தம்மா, "யார் கொன்னா என்ன, அந்த ஆள் பேசின பேச்சுக்கு நானே கொன்னிருப்பேன்"னாங்க. சிரிக்காம கிடந்தேன் பாருங்க, அதுக்கு மேல நான் இன்னும் நடிக்கல.

வேலை கிடைக்குமான்னா, அதுக்காகப் போகாதீங்க. ஒத்திகைக்கு பென்சில் எடுத்துக்கிட்டுப் போங்க, பேனா வேண்டாம். எங்க நிக்கணும், எப்ப நகரணும்னு இயக்குநர் இன்னிக்குச் சொன்னதை நாளைக்கே மாத்துவார்.