வரிப்பணம் எங்கே வீணாகிறது? காரை விட்டுவிட்டு பில்லைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் நகர மன்றத் தலைவருக்குப் புதுக் கார் வாங்கியதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். போட்ட சாலையையே திரும்பத் திரும்பப் போடுவதுதான் எனக்கு உறுத்துகிறது. நான் கணக்குப் படித்தவன் இல்லை. பணம் வீணாகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, யாரிடம் என்ன கேட்பது?

பதில்: உங்களுக்கு உறுத்துவதுதான் சரியான இடம். கார் கண்ணில் படுகிறது, அதனால் கோபம் அங்கே போகிறது. 2009-ல் பிரிட்டன் எம்.பி.க்களின் செலவுக் கணக்குகள் அம்பலமானபோது அதிகம் கேலிக்குள்ளானது, ஒரு எம்.பி. தன் குளத்து வாத்துகளுக்காக வாங்கிய 1,645 பவுண்டு மிதவை வீடு. இத்தனைக்கும் அந்த பில்லை நாடாளுமன்ற அலுவலகம் ஏற்கவே இல்லை! இன்னொரு பக்கம் சிட்னி ஓபரா ஹவுஸ்: 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் முடியும் என்று ஆரம்பித்து, 1973-ல் திறக்கும்போது 10 கோடியே 20 லட்சம் ஆகியிருந்தது. அது உலகப் புகழ் பெற்றதால் யாரும் இப்போது கணக்குக் கேட்பதில்லை. எல்லாக் கட்டடத்துக்கும் அந்த யோகம் வாய்க்காது.

பெரிய தொகை போவது இப்படித்தான், மன்றத்தில் முறைப்படி ஒப்புதல் வாங்கிய வேலைகளில். ஆரம்பத்தில் மதிப்பீட்டைக் குறைத்துக் காட்டினால் ஒப்புதல் சுலபம். பாதி கட்டிய பிறகு "இப்போது நிறுத்தினால் போட்டதெல்லாம் வீண்" என்று சொல்லி அடுத்தடுத்து கூடுதல் தொகை வாங்கிவிடலாம். சில நேரம் விலைவாசி, மண்ணின் தன்மை என்று நியாயமான காரணமும் இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும்.

மொத்த பட்ஜெட்டையும் புரிந்துகொள்ள உட்காராதீர்கள், நாலாவது பக்கத்திலேயே தூக்கம் வந்துவிடும். ஒரே ஒரு வேலையை எடுங்கள், உங்கள் தெருச் சாலையையே எடுங்கள். அதற்கு முதலில் போட்ட மதிப்பீடு, ஒப்பந்தத் தொகை, கடைசியாகப் பட்டுவாடா ஆன தொகை, இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அப்புறம் தேதியைப் பாருங்கள். ஒதுக்கிய பணத்தைச் செலவழிக்காவிட்டால் அது திரும்பப் போய்விடும், அடுத்த வருடம் ஒதுக்கீடும் குறையும் என்பதால் நிதியாண்டு முடிகிற நேரத்தில் அவசர அவசரமாக வேலை கொடுப்பார்கள். அமெரிக்க மத்திய அரசின் கொள்முதலை ஆராய்ந்தபோது, நிதியாண்டின் கடைசி வாரத்தில் மற்ற வாரங்களின் சராசரியைப் போலக் கிட்டத்தட்ட 5 மடங்கு செலவானது தெரிந்தது. அந்த வாரத்தில் கொடுத்த தகவல் தொழில்நுட்ப வேலைகளின் தரமும் குறைவாக இருந்தது. இதில் யாரும் திருட வேண்டிய அவசியமே இல்லை, விதியே அப்படிச் செலவழிக்கச் சொல்கிறது.

திருட்டு வேறு கதை. இந்தோனேசியாவில் 600-க்கும் மேற்பட்ட கிராமங்களில் புதிதாகப் போட்ட சாலைகளைத் தோண்டி, ஒவ்வொரு அடுக்கிலும் கல்லும் மணலும் எவ்வளவு இருக்கிறது என்று பொறியாளர்கள் அளந்தார்கள். அதற்கு உள்ளூர் விலை போட்டு பில்லோடு ஒப்பிட்டார்கள். அரசுத் தணிக்கை நிச்சயம் வரும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட கிராமங்களில், கணக்கில் வராத பணத்தின் பங்கு 8 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. மக்களைக் கூட்டிக் கணக்குக் கேட்க வைத்த கிராமங்களில் கூலி ஏமாற்றுதான் குறைந்தது, பொருளில் அடித்த பணம் குறையவில்லை. தன் கூலி வராவிட்டால் தொழிலாளிக்கே தெரிந்துவிடும், ஜல்லி எத்தனை லோடு குறைந்தது என்று யாருக்குத் தெரியும்? ஆகவே கூட்டத்துக்குப் போங்கள், ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள்.

தகவல் பெறும் உரிமைச் சட்டம் இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. சுவீடனில் 1766-லேயே வந்துவிட்டது. "ஊழல் நடந்ததா" என்று கேட்டால் "இல்லை" என்று ஒரு வரியில் பதில் வரும். ஆவணத்தைக் கேளுங்கள். டெண்டரில் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், கூடுதல் தொகைக்கு எந்தத் தேதியில் யார் ஒப்புதல் தந்தார்கள், வேலையை அளந்து எழுதிய பதிவேட்டின் நகல், இதே சாலை இதற்கு முன்பு எப்போது போடப்பட்டது, ஒப்பந்ததாரர் தன் செலவில் பழுது பார்க்க வேண்டிய காலம் எப்போது முடிகிறது. இந்தக் கடைசிக் கேள்விதான் உங்கள் விஷயத்தில் முக்கியம். அந்தக் காலம் முடிவதற்குள் மறுபடியும் பொதுப்பணத்தில் சாலை போட்டிருந்தால், ஒப்பந்ததாரர் செய்ய வேண்டியதை நீங்கள் பணம் கொடுத்துச் செய்திருக்கிறீர்கள்.

பதிலை வாங்கியதும் நேராக முகநூலில் போடாமல், உங்கள் வார்டு உறுப்பினரிடம் கொடுத்து அதை மன்றத்தில் கேட்கச் சொல்லுங்கள். கை தூக்கி ஒப்புதல் கொடுத்தவர் அவர், விளக்கம் கேட்கும் அதிகாரமும் அவரிடம்தான் இருக்கிறது. அவர் மழுப்பினால் தணிக்கைத் துறைக்கு எழுதுங்கள், உள்ளூர் நிருபரிடமும் ஒரு நகல் கொடுங்கள். நேரமும் முக்கியம். பிரேசிலில் 2003 முதல் குலுக்கல் முறையில் நகராட்சிகளைத் தேர்ந்தெடுத்துத் தணிக்கை செய்தார்கள். 2004 தேர்தலுக்கு முன்பே அறிக்கை வெளியான ஊர்களில் முறைகேடு அதிகமிருந்த மேயர்களுக்கு மறுபடி ஜெயிக்கும் வாய்ப்பு குறைந்தது, உள்ளூர் வானொலி இருந்த இடங்களில் இன்னும் குறைந்தது. உங்கள் ஊரில் அடுத்த தேர்தல் எப்போது என்று பார்த்து, விண்ணப்பத்தை அதற்குக் குறைந்தது ஒரு வருடம் முன்பே போட்டுவிடுங்கள். மேல்முறையீடு வரை போனால் அவ்வளவு காலம் தேவைப்படும்.