பிக்கப்புக்கு ஆல் டெரெய்ன் டயர்: பட்டனைப் பார்ப்பதற்கு முன் பக்கச்சுவரைப் படியுங்கள்

பிக்கப் வண்டிக்கு ஆல் டெரெய்ன் டயர், அதாவது தார் ரோட்டுக்கும் கரடுமுரடான பாதைக்கும் பொதுவான டயர், மாட்ட நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் கீழே. டயர் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டிகள், எவ்வளவு முரட்டுத்தனமாக இருக்கிறது என்பதைத்தான். பக்கச்சுவரில் இருக்கும் எழுத்தையும் எண்ணையும் முதலில் படியுங்கள் என்று நான் எப்போதும் சொல்வேன். டயர் எவ்வளவு சுமக்கும், அதற்கு எவ்வளவு காற்று வேண்டும், எந்த வேகம் தாங்கும், எந்த வாரம் தயாரானது என்று எல்லாம் அங்கே எழுதியிருக்கிறது. பட்டன் அடுத்த விஷயம்.

கேள்வி: ஐயா, என் வண்டி பெரும்பாலும் தார் ரோட்டில்தான் ஓடுகிறது. எப்போதாவது ஜல்லி ரோடு, மண் பாதை. ஆல் டெரெய்ன் தேவையா, நெடுஞ்சாலை டயரே போதுமா?

பதில்: நீங்கள் போகும் மண் பாதை காய்ந்து சமமாக இருந்தால் நெடுஞ்சாலை டயரே போதும். இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும், ஆனாலும் அதுதான் சரி. ஈரமான புல் சரிவு, காலடியில் உருளும் சரளை, கூரான கற்கள் என்று வரும்போதுதான் ஆல் டெரெய்ன் டயர் தன் வேலையைக் காட்டும். பட்டன்களுக்கு நடுவே இடைவெளி கூடுதலாக இருப்பதால் இளகிய தரையைக் கடித்துப் பிடிக்கும். கல் பட்டு ரப்பர் சில்லு சில்லாகப் பெயராதபடி கலவையும் கொஞ்சம் கெட்டியாக இருக்கும்.

அந்த இடைவெளிக்கு ஒரு விலை உண்டு. தார் ரோட்டைத் தொடும் ரப்பர் குறைகிறது. சத்தம் கூடும், மைலேஜ் கொஞ்சம் குறையும், ஈர ரோட்டில் பிரேக் போட்டால் நிற்கும் தூரம் நீளலாம். ஆல் டெரெய்னிலேயே சாதுவான வகையும் இருக்கிறது, கிட்டத்தட்ட சேற்று டயர் மாதிரி முரட்டு வகையும் இருக்கிறது. உங்கள் ஓட்டத்துக்குச் சாதுவானதை எடுங்கள். பட்டன்கள் நெருக்கமாக இருக்க வேண்டும், ஒவ்வொரு பட்டன் மேலும் மெல்லிய கீறல்கள் நிறைய ஓட வேண்டும். ஈர ரோட்டில் பிடிமானம் தருவது அந்தக் கீறல்களின் விளிம்புகள். சில டயர்களில் கீறல் மேலோட்டமாக இருக்கும், பாதி தேய்ந்ததும் காணாமல் போய்விடும். வாங்கும்போது நகத்தை விட்டு ஆழம் பாருங்கள்.

கேள்வி: சேற்று டயரே போட்டுவிட்டால் எல்லா இடத்துக்கும் ஆகிவிடாதா?

பதில்: ஆகாது. வாரத்தில் பாதி நாளாவது ஆழமான சேற்றில் இறங்குகிறவருக்குத்தான் அது. மற்றவர்களுக்கு ஈரத் தார் ரோட்டில் அது ஆபத்தும்கூட.

கேள்வி: அண்ணா, டயரில் எல்.டி. 265/70ஆர்17 121/118எஸ் என்று போட்டிருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

பதில்: சரி தம்பி. 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்றால் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம், அதாவது சுமார் 185 மி.மீ. ஆர் என்பது ரேடியல் கட்டுமானம். 17 உங்கள் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இதையெல்லாம் கூட்டினால் டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 803 மி.மீ. வரும்.

121 சுமைக் குறியீடு. அதற்கு ஒரு டயர் 1450 கிலோ தாங்கும் என்று பொருள். 118 என்பது பின்னால் இரட்டைச் சக்கரம் மாட்டும் வண்டிகளுக்கு, அப்போது ஒரு டயருக்கு 1320 கிலோ. எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ. வரை. கியூ 160, ஆர் 170, டி 190. முன்னால் இருக்கும் எல்.டி. இலகு ரக லாரி வகை என்பதைச் சொல்கிறது. அந்த இரண்டு எழுத்தைப் பற்றி அடுத்தவருக்கு விரிவாகச் சொல்கிறேன், நீங்களும் படியுங்கள்.

கேள்வி: வண்டியோடு வந்தது பி வகை, அதாவது கார் வகை டயர். மாற்றும்போது எல்.டி. போடச் சொல்கிறார்கள், பத்து பிளை, இரும்பு மாதிரி இருக்கும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: முதலில் பிளை கணக்கை ஒழுங்கு செய்துகொள்வோம். முன்காலத்தில் பருத்தி நூல் அடுக்குகளை எண்ணிச் சொன்ன வழக்கம் அது. இன்றைக்குப் பத்து பிளை என்று சொல்லும் டயருக்குள் பத்து அடுக்கு இருக்காது. அந்த அளவுக்குப் பலம் என்று மட்டும் பொருள். சரியான சொல் சுமை வரம்பு. சி என்றால் ஆறு பிளைக்கு ஈடு, டி எட்டு, இ பத்து. பொதுவான அளவுகளில் இவை தம் முழுச் சுமையைத் தாங்கக் கேட்கும் காற்று முறையே 50, 65, 80 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு).

இப்போது ஒரே அளவில் இரண்டு டயரை ஒப்பிடுங்கள். பி265/70ஆர்17 டயரில் பெரும்பாலும் 113 என்று இருக்கும், அதாவது 35 பி.எஸ்.ஐ. காற்றில் 1150 கிலோ. ஆனால் கார் வகை டயரைப் பிக்கப்பில் மாட்டினால் அந்தத் திறனை 1.10-ஆல் வகுத்துக் கணக்கிட வேண்டும் என்பது அமெரிக்க விதி. வண்டிக்காரர் சுமை ஏற்றுவார், ஆட்டிப் படைப்பார் என்று எதிர்பார்த்து வைத்த பாதுகாப்பு அது. அப்படிப் பார்த்தால் கையில் நிற்பது 1045 கிலோ. பின் அச்சுக்கு இரண்டு டயர் சேர்ந்து 2090 கிலோ. உங்கள் வண்டியின் கதவு இடுக்கில் ஒட்டியிருக்கும் தாளில் பின் அச்சின் உச்ச எடை இருக்கும், அதோடு பொருத்திப் பாருங்கள். பெட்டியில் எப்போதாவது நாலு மூட்டை வைக்கிறவருக்கு இது தாராளம்.

எல்.டி. வகையில் இ வரம்பு எடுத்தால் 1450 கிலோ கிடைக்கும், 80 பி.எஸ்.ஐ. வைத்தால். பக்கச்சுவர் தடிமன், கூர்கல் கிழிப்பது குறையும், டிரெய்லர் இழுக்கும்போது வண்டியின் தள்ளாட்டமும் குறையும். ஆனால் டயர் ஒவ்வொன்றும் சில கிலோ கனம் கூடும். அந்தக் கனம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதால் காலி வண்டி குலுங்கும், கிளம்பவும் நிற்கவும் சோம்பும்.

ஆகவே அடிக்கடி முழு லோடு, டிரெய்லர், கல் பாதை என்றால் எல்.டி. எடுங்கள். பெரும்பாலும் காலியாகத்தான் ஓடும் என்றால் பி வகையிலேயே ஆல் டெரெய்ன் கிடைக்கிறது, அதை எடுங்கள். இரண்டுக்கும் நடுவில் எல்.டி. சி வரம்பு கிடைத்தால் என் ஓட்டு அதற்குத்தான். பக்கச்சுவர் பலமும் வரும், வண்டியும் கட்டை மாதிரி ஆகாது.

கேள்வி: எல்.டி. மாட்டிய பிறகும் கதவில் போட்டிருக்கும் 35 பி.எஸ்.ஐ.தான் வைக்கிறேன். சரிதானே?

பதில்: சரியில்லை, உடனே மாற்றுங்கள். அந்தத் தாள் வண்டியோடு வந்த டயருக்காக எழுதியது. மேலே சொன்ன அளவிலேயே எல்.டி. சி வரம்பு டயர் 50 பி.எஸ்.ஐ.யில் 1120 கிலோ தாங்கும். 35-இல் அதே டயர் தாங்குவது அதைவிட நிறையக் குறைவு. பி வகை 35-இல் தருகிற 1045 கிலோவை எல்.டி.யில் எட்ட 45-ஐ ஒட்டிப் போக வேண்டியிருக்கும். காற்று குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து சூடேறும். சூடுதான் டயரை உள்ளிருந்து பிரிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

டயர் நிறுவனங்கள் சுமைக்கு எவ்வளவு காற்று என்ற அட்டவணை வைத்திருக்கின்றன. அதைக் கேட்டு வாங்கி உங்கள் சுமைக்கு ஏற்றபடி வையுங்கள். பிறகு இப்படிச் சோதியுங்கள்: காலையில் குளிர்ந்த டயரில் அளந்துவிட்டு, ஒரு மணி நேரம் ஓட்டியதும் மறுபடி அளக்க வேண்டும். கார் வகை டயரில் சுமார் 4, எல்.டி.யில் சுமார் 6 பி.எஸ்.ஐ. ஏறினால் நல்ல நிலை. அதற்கு மேல் போனால் குளிர்ந்தபோது வைத்த காற்று போதவில்லை. ஏறியது மிகக் குறைவென்றால் காற்று அதிகம். சூடாக இருக்கும்போது காற்றை மட்டும் இறக்கிவிடாதீர்கள்.

கேள்வி: 265/70-க்குப் பதில் 285/70ஆர்17 மாட்டினால் வண்டி கம்பீரமாக இருக்கும். ஏதாவது இடிக்குமா?

பதில்: இடிக்க வாய்ப்பு உண்டு. புது விட்டம் சுமார் 831 மி.மீ. ஆகும், 28 மி.மீ. கூடுகிறது. தரையிலிருந்து வண்டியின் உயரம் அதில் பாதி, 14 மி.மீ.தான் கூடும். ஆனால் அகலமும் ஏறுகிறது. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து, ஒரு சக்கரத்தைத் திட்டின் மேல் ஏற்றி நிறுத்திப் பாருங்கள். முன்சக்கர மட்கார்டின் பின்பகுதி, சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் கட்டுப்பாட்டுக் கை, பிரேக் குழாய் மூன்றையும் விரல் விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். வண்டி சமமாக நிற்கும்போது இடிக்கவில்லை என்பதை நம்ப வேண்டாம்.

அப்புறம், விட்டம் மூன்றரை சதவீதம் கூடுவதால் மீட்டரில் 100 காட்டும்போது நீங்கள் உண்மையில் முன்பைவிட மூன்றரை கி.மீ. கூடுதல் வேகத்தில் போவீர்கள். ஓடிய தூரமும் அதே அளவு குறைத்துக் காட்டும். அதனால் மைலேஜ் கணக்குப் போடும்போது டயரைத் திட்டுவதற்கு முன் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எஞ்சினுக்கோ எல்லாக் கியரும் கொஞ்சம் நீண்ட மாதிரி ஆகிவிடும், ஏற்றத்தில் லோடோடு போகும்போது இழுவை குறைவது தெரியும். பழைய அளவே வண்டிக்குப் போதும் என்பது என் கருத்து. உயரம் வேண்டியே தீரும் என்றால் அகலம் கூட்டாமல் உயரம் மட்டும் கூட்டுகிற அளவைத் தேடுங்கள்.

கேள்வி: பனி விழும் ஊரில் இருக்கிறேன். டயரில் எம்+எஸ் என்று இருக்கிறது. பனிக்குப் போதுமா?

பதில்: எம்+எஸ் (மட் அண்ட் ஸ்நோ, அதாவது சேறும் பனியும்) என்பது பட்டன் அமைப்பை வைத்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளும் குறி. அதற்குப் பனியில் ஓட்டிச் சோதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் பனிப்பூவும் வரைந்த குறி இருக்கிறதா என்று பாருங்கள். அது பனியில் சோதித்துத் தேறிய டயருக்குத் தருவது. பல ஆல் டெரெய்ன் டயர்களில் இப்போது இருக்கிறது. அந்தக் குறி இருந்தாலும், கண்ணாடியாய் இறுகிய உறைபனியில் அசல் குளிர்கால டயருக்கு அது ஈடாகாது. குளிர் மாதங்கள் முழுக்க அப்படிப்பட்ட ரோடுதான் என்றால் தனி செட் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெள்ளை எழுத்தை உள்பக்கம் திருப்பி மாட்டலாமா?

பதில்: பக்கம் குறிப்பிடாத டயர் என்றால் தாராளமாக. வெளிப்பக்கம் என்று டயரிலேயே எழுதியிருந்தால் அதை மீறக் கூடாது.

கேள்வி: மணலில் இறங்கும்போது காற்றைக் குறைக்கச் சொல்கிறார்களே, எவ்வளவு?

பதில்: இளகிய மணலுக்கு 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கலாம். காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகப் பரவும் என்று நினைக்கிறோம். உண்மையில் தரையில் படியும் தடம் கூடுவது பெரும்பாலும் நீளவாக்கில்தான். அந்த நீளம்தான் வண்டியை மணலுக்கு மேலே மிதக்க வைக்கிறது. பக்கச்சுவர் உயரமாக உள்ள டயர் இதில் நன்றாக உதவும், 20 அங்குல ரிம்மில் மாட்டிய ஒல்லிப் பக்கச்சுவர் உதவாது. காற்று இறக்கிய பிறகு மெதுவாகப் போங்கள். ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். கையில் காற்றடிக்கும் கம்ப்ரஸர் இல்லாமல் காற்றை இறக்கவே வேண்டாம், ஏனென்றால் தார் ரோட்டில் ஏறியதும் திரும்ப நிரப்பியாக வேண்டும்.

கேள்வி: நான் ஒரு பெண் ஓட்டுநர். டயர் கடையில் என்ன கேட்டாலும் புது ஸ்டாக் என்றே சொல்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: யாரையும் கேட்க வேண்டாம் சகோதரி, டயரே சொல்லும். டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்ணைப் படியுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். சில டயரில் முழு வரிசையும் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். உங்கள் பக்கம் காணவில்லை என்றால் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். நான்கு டயரிலும் பாருங்கள், ஒன்று மட்டும் பழசாகக் கலந்திருக்கலாம். ஸ்டெப்னியையும் விடாதீர்கள். ஓடாமல் கிடந்தாலும் ரப்பருக்கு வயது ஏறும். பட்டன் புதுசு மாதிரியே இருந்தாலும் பத்து வருடம் கடந்த டயரை மாற்றிவிடச் சொல்கின்றன பல நிறுவனங்கள்.

கேள்வி: பின்னால் இரண்டு மட்டும் மொட்டையாகிவிட்டது. நான்கு சக்கர இயக்க வண்டி. இரண்டு மட்டும் மாற்றலாமா?

பதில்: எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டி என்றால் வேண்டாம். முன்னும் பின்னும் சுற்றளவு வேறுபட்டால் முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் ஈடுகட்டிச் சூடாகும். தேவைப்படும்போது மட்டும் நெம்புகோல் போடும் வண்டி என்றால் இரண்டு மாற்றலாம், ஆனால் தார் ரோட்டில் நான்கு சக்கர இயக்கத்தைப் போடாதீர்கள்.

கேள்வி: புதிதாக மாட்டும்போது சத்தமே இல்லை. இப்போது ஹோவென்று ஊளையிடுகிறது. டயர் கெட்டுவிட்டதா?

பதில்: பட்டன் மேல் கையை முன்னிருந்து பின்னாகத் தடவுங்கள், பிறகு பின்னிருந்து முன்னாக. ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் விளிம்பு கையைக் குத்தினால் பட்டன்கள் சாய்வாகத் தேய்ந்திருக்கின்றன. உயரமான தனித்தனிப் பட்டன் உள்ள டயருக்கு இது சகஜம், குறிப்பாக எஞ்சின் சக்தி போகாத அச்சில். 8000 முதல் 10000 கி.மீ.க்குள் சக்கரங்களை இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் வராது. ஸ்டெப்னி அதே டயர், அதே ரிம் என்றால் அதையும் சுற்றில் சேர்த்து ஐந்தாக மாற்றுங்கள். இப்போதைக்கு முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றி, அலைன்மென்ட் பார்த்துவிட்டு, கொஞ்ச நாள் ஓட்டுங்கள். சத்தம் மெல்ல அடங்கும். கழற்றி மாட்டியதால் சுமார் 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மறுபடி ஒரு தடவை முறுக்கிப் பார்த்துவிடுங்கள்.