பிரெஞ்சுக் கம்பளங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாரீஸின் லூவர் அருங்காட்சியகத்தில் பதினான்காம் லூயி காலத்துக் கம்பளம் ஒன்றைக் கண்டேன். கம்பளம் என்றால் பாரசீகமும் துருக்கியும்தான் நினைவுக்கு வருகின்றன. பிரெஞ்சுக் கம்பளங்கள் அவற்றின் நகல்கள்தாமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தொடக்கம் நகலில்தான். கீழை நாட்டுக் கம்பளங்களுக்காகப் பிரான்ஸின் செல்வம் வெளியேறுவதை விரும்பாத அரசர் நான்காம் ஹென்றி, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பியேர் துய்போன் என்பவர் லூவர் அரண்மனையிலேயே பட்டறை அமைக்க இடமளித்தார். அவரிடம் தொழில் பயின்ற சிமோன் லூர்தே, சேன் நதிக்கரையில் முன்பு சோப்பு ஆலையாக இருந்த கட்டடத்தில், ஆதரவற்ற சிறுவர்களைப் பழக்கி நெசவைத் தொடர்ந்தார். அந்தப் பட்டறைக்குச் சவோன்னரி என்ற பெயர் அந்த ஆலையால் வந்தது. செங்குத்தான தறியில், பாவு இழைகள் மீது கம்பளி நூலால் இட்ட முடிச்சும் துருக்கிய முடிச்சேதான்.

ஆனால் அந்த முடிச்சைக் கொண்டு அவர்கள் நெய்தது வேறொன்று. லூயியின் அமைச்சர் கோல்பேர், லூவரின் நீண்ட கூடம் முழுவதையும் மூடுவதற்கு 93 கம்பளங்களைத் திட்டமிட்டபோது, அவற்றின் வடிவமைப்பு அரசவை ஓவியர் ஷார்ல் லெ பிரனின் மேற்பார்வையில் உருவானது. ஆகவே, கருநிறத் தளத்தின் மீது சுருண்டோடும் அகாந்தஸ் இலைகளும் அரச சின்னங்களும் நிலக்காட்சிகளும், ஒரே நிறத்தின் பல சாயல்களைப் படிப்படியாக அடுக்கி, ஒளியும் நிழலும் கொண்டு, புடைத்து நிற்பவை போலவே நெய்யப்பட்டன. மேற்கூரை ஓவியத்துக்கும் சுவர் அலங்காரத்துக்கும் இணையாகத் தரையும் ஒரே கட்டடக் கற்பனையின் பகுதியாயிற்று. பாரசீகக் கம்பளத்தைச் சுருட்டி எந்த அறைக்கும் கொண்டு செல்லலாம். இவையோ குறிப்பிட்ட ஒரு கூடத்தின் அளவுக்கென்றே பிறந்தவை. அவற்றின் தனித்தன்மையை நான் இதில்தான் காண்கிறேன்.

அந்தக் கூடத்தில் அவை திட்டமிட்டபடி விரிந்து கிடக்கவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. 1682இல் அரசவை வெர்சாய்க்குக் குடிபெயர்ந்துவிட்டது. புரட்சிக்குப் பின் பல கம்பளங்கள் விற்கப்பட்டன. சில, அரசு பட்ட கடனுக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டன. முடியாட்சியின் சின்னங்கள் சிலவற்றிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டன. அருங்காட்சியகத்தில் ஒன்றைப் பார்க்கும்போது, நடுவில் ஒட்டுப்போட்ட இடம் உண்டா என்று கவனியுங்கள்.

சவோன்னரி அரசருக்காகவே நெய்தது. மற்றவர்களின் தேவையை, க்ரூஸ் ஆற்றங்கரையில் உள்ள ஒபுய்சோன் என்ற சிற்றூர் நிறைவு செய்தது. சுவரில் தொங்கவிடும் சித்திரத் திரைச்சீலை நெசவில் நெடுங்காலப் புகழ் பெற்ற அவ்வூரில் 1743இல் கம்பள நெசவும் தொடங்கியது. நாளடைவில் அதன் அடையாளமாக நிலைத்தது முடிச்சு இல்லாத, நம் ஜமுக்காளம் போன்ற தட்டையான நெசவு. நிறங்கள் சந்திக்கும் இடத்தில் விழும் பிளவுகளைக் கையால் தைத்து மூடினார்கள். வெளிர் ரோஜாவும் தந்த நிறமும் கலந்த இதன் மென்மையைச் சேகரிப்பாளர்கள் பெரிதும் விரும்புகிறார்கள். ஆனால் அந்த மென்மையில் ஒரு பங்கு வெயிலின் வேலை. பின்புறத்தைப் பார்த்தால், நெய்தபோது அது எவ்வளவு அழுத்தமான நிறத்தில் இருந்தது என்பது தெரியும்.

சவோன்னரி 1826இல் பாரீஸில் சித்திரத் திரைச்சீலைகள் நெய்த அரசுப் பட்டறைகளான கோப்லானோடு இணைக்கப்பட்டது. இன்றும் அது அரசு நிறுவனமாக நெய்துகொண்டிருக்கிறது. அதன் மற்றொரு பட்டறை தெற்கே லொதேவ் என்ற ஊரில் இருக்கிறது. அல்ஜீரியப் போருக்குப் பின் பிரான்ஸில் குடியேறிய, பிரெஞ்சுப் படையின் பக்கம் நின்று போரிட்ட அல்ஜீரியர்களான ஹர்கிகளின் குடும்பங்களைச் சேர்ந்த பெண்களைக் கொண்டு 1960களில் தொடங்கப்பட்டது அது.

அன்புடன்.