சான்டோரினியில் எங்கே தங்குவது? யார் கார்டில் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கேள்வி: பாரிஸ் புறநகரில் வசிக்கிறோம். ஜூலைக் கடைசி வாரத்தில் கிரீஸின் சான்டோரினித் தீவுக்குப் போக 6 இரவுக்கு விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது. நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர் (வயது 8, 11), 68 வயது அம்மா. ஜெர்மனியிலிருந்து அக்கா, அத்தான், அவர்களின் இரண்டு பிள்ளைகளும் வருகிறார்கள். இமெரோவிக்லியில் கால்டெரா (கடல் நிறைந்த எரிமலைக் கிண்ணம்) பார்த்த ஐந்து நட்சத்திர ஹோட்டல்தான் வேண்டும் என்று அத்தான் நிற்கிறார். மூன்று அறை, அறைக்கு 420 யூரோ, பணம் திரும்பக் கிடைக்காத கட்டணம். "நீ போட்டுவிடு, பிறகு பாதி பாதி பார்த்துக்கொள்வோம்" என்கிறார். போன வருடப் பயணத்துக்கும் நான்தான் என் கிரெடிட் கார்டில் போட்டேன். அவர் இன்னும் 1,100 யூரோ தரவேண்டும். அந்தக் கார்டில் எனக்கு 2,600 யூரோ பாக்கி நிற்கிறது, வட்டி வருடத்துக்கு 20%, மாதம் 90 யூரோ கட்டுகிறேன். பயணத்துக்கென்று 3,000 யூரோ ஒதுக்கியிருக்கிறேன். மீதிக்காக 12% வட்டியில் 4,600 யூரோ தனிநபர் கடனுக்குப் போன வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டேன், பணம் இன்னும் வரவில்லை. செலவெல்லாம் போக மாதம் 250 யூரோ மிஞ்சும். மனைவி கமாரியில் கடற்கரைப் பக்கம் அறைக்கு 140 யூரோவில் பார்த்து வைத்திருக்கிறார். எங்கே தங்குவது நல்லது? (பெயர் வேண்டாம்)

பதில்: இடத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன். ஆனால் உங்கள் பணம் கரைவது இமெரோவிக்லியிலோ கமாரியிலோ இல்லை, "நீ போட்டுவிடு" என்ற அந்த ஒரு சொல்லில். போன வருடமும் அதே, இந்த வருடமும் அதே. அத்தான் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. தன் கார்டில் போகாத பணத்துக்கு யாருமே கணக்குப் பார்த்து அறை தேர்வதில்லை.

கடனை முதலில் பார்ப்போம். கார்டில் நிற்கும் 2,600-க்கு 20% என்றால் மாத வட்டி சுமார் 43 யூரோ. நீங்கள் கட்டும் 90-இல் 47 தான் அசலைக் குறைக்கிறது. இதே வேகத்தில் போனால் முடிய 40 மாதம் ஆகும், வட்டி மட்டும் 1,000-ஐ நெருங்கும். புதுக் கடன் 4,600-ஐ மூன்று வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் 153, மொத்தம் 5,500. இரண்டையும் கூட்டினால் மாதம் 243. உங்களுக்கு மிஞ்சுவது 250. ஒரு பல் வைத்தியச் செலவு வந்தாலும் மறுபடி கார்டுதான். ஆறு இரவுக்காக மூன்று வருடம் மாதம் 7 யூரோவில் மூச்சு விடப்போகிறீர்களா?

அதனால் இன்றே செய்யவேண்டியது ஒன்று. நுகர்வோர் கடனில் கையெழுத்திட்ட 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ள ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் இடம் தருகிறது. ஒப்பந்தத்தோடு விலகல் படிவம் வந்திருக்கும். அதை நிரப்பி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னேன் என்பது பின்னால் உதவாது. நடுவில் பணம் கணக்கில் விழுந்துவிட்டால் தொடாதீர்கள். விலகல் கடிதம் அனுப்பிய 30 நாட்களுக்குள் அசலையும் அதுவரையான வட்டியையும் திருப்பினால் போதும்.

இனி தங்குமிடம். கடனிலிருந்து விலகிவிட்டு, அத்தான் தன் பாதியை அன்றைக்கே தந்துவிடுவார் என்றே வைத்துக்கொண்டாலும் இமெரோவிக்லி உங்களுக்குக் கட்டுப்படியாகாது. மூன்று அறை, 6 இரவு, 420 வீதம் 7,560. உங்கள் பாதி 3,780. இதற்கு மேல் கிரீஸ் அரசின் காலநிலைத் தாங்குதிறன் கட்டணம் வரும். இது அறைக்கும் இரவுக்குமாகக் கணக்கிட்டு ஹோட்டல் வரவேற்பறையில் வாங்கப்படுவது. முன்பதிவுத் தளம் காட்டும் தொகையில் பெரும்பாலும் சேர்ந்திருக்காது. 2025 முதல் ஏப்ரல்-அக்டோபர் மாதங்களில் ஐந்து நட்சத்திரத்துக்கு 15 யூரோ, நான்குக்கு 10, மூன்றுக்கு 5. குறுகியகால வாடகைக்கு விடும் அபார்ட்மென்ட் என்றால் 8. ஐந்து நட்சத்திரத்தில் மூன்று அறைக்கு இதுவே 270. உங்கள் பங்கு மொத்தம் 3,915. ஒதுக்கிய 3,000 அறைக்கே போதவில்லை, இன்னும் ஒரு வேளை சாப்பிடக்கூட இல்லை.

கமாரியில் 140 வீதம் 2,520. மூன்று நட்சத்திரம் என்றால் அரசுக் கட்டணம் 90. உங்கள் பாதி 1,305. சாப்பாடு, பஸ், படகு எல்லாவற்றுக்கும் 900 வைத்தாலும் ஏறக்குறைய 800 கையில் நிற்கும். அதைத் திரும்பி வந்த வாரமே கார்டில் கட்டி, மாதம் 90-ஐ 250 ஆக்கினால் எட்டு மாதத்தில் கார்டு பூஜ்யம். அத்தான் பழைய 1,100-ஐயும் தந்துவிட்டால் மூன்றே மாதம்.

விலைக்காக மட்டும் கமாரியைச் சொல்லவில்லை. உங்கள் வீட்டு ஆட்களுக்கு அதுதான் பொருந்துகிறது. இந்தத் தீவு ஒரு பெரிய எரிமலைக் கிண்ணத்தின் உடைந்த விளிம்பு. மேற்குப் பக்கம் சுமார் 300 மீட்டர் செங்குத்தாகக் கீழே விழுகிறது. அந்த விளிம்பில்தான் ஃபிரா, ஃபிரோஸ்டெஃபானி, இமெரோவிக்லி, இயா ஆகிய ஊர்கள் தொற்றிக்கொண்டிருக்கின்றன. (ஓயா என்று பலரும் எழுதுவது இந்த இயாவைத்தான். பஸ்ஸில் கூவும்போது "இயா" என்றுதான் காதில் விழும்.) கிழக்குப் பக்கம் நிலம் மெல்லச் சரிந்து கடலைத் தொடுகிறது. கமாரி, பெரிசா, பெரிவோலோஸ் கடற்கரைகள் அங்கே. கால்டெரா விளிம்பில் தங்குகிறவர் கடலைப் பார்க்கலாம், எளிதில் இறங்கிக் குளிக்க முடியாது. பிள்ளைகளுக்குக் கடற்கரை வேண்டுமென்றால் தினமும் மறுபக்கம் வரவேண்டும்.

இமெரோவிக்லியின் விளிம்பு ஹோட்டல்களில் பலவற்றின் வாசல் வரை கார் போகாது. சாலையில் இறங்கி, உயரம் ஒன்றுக்கொன்று ஒவ்வாத கல்படிகளில் இறங்கவேண்டும். பெட்டியைத் தூக்க ஆள் வருவார், அம்மாவின் முழங்காலைத் தூக்க வரமாட்டார். காலை உணவுக்கு ஒரு தளம் மேலே, குட்டிக் குளத்துக்கு ஒரு தளம் கீழே என்று நாள் முழுக்கப் படிதான். குகை அறைகள் எரிமலைச் சாம்பல் படிவத்தைக் குடைந்து கட்டியவை. முன்பக்கம் மட்டும் கதவும் ஜன்னலும் இருக்கும். உள்ளே போகப்போக வெளிச்சம் குறையும், சிலவற்றில் ஈர வாடை இருக்கும். அறைக்கு மேலே பொது நடைபாதை போகிறதென்றால் நடந்து போகிறவர்கள் உங்கள் முற்றத்தைப் பார்த்துக்கொண்டே போவார்கள். விளம்பரப் படத்தில் இது எதுவும் தெரியாது. இன்னொன்று: இந்த வகை ஹோட்டல்கள் பல, விளிம்பில் தடுப்பு உயரம் போதாததால் சின்னப் பிள்ளைகளை ஏற்பதில்லை. 8 வயதுப் பிள்ளைக்கு அனுமதி உண்டா என்று அத்தான் கேட்டாரா? திரும்பக் கிடைக்காத பணத்தைக் கட்டிய பிறகு அது தெரியவந்தால் 7,560-உம் போச்சு.

"கடல் காட்சி", "கால்டெரா காட்சி" இரண்டும் வேறு என்பதையும் கவனியுங்கள். கிழக்கே திறந்த கடலைப் பார்த்த அறையும் கடல் காட்சிதான். எரிமலைத் தீவும் சூரிய அஸ்தமனமும் தெரிவது பெரும்பாலும் மேற்கு விளிம்பில்தான். அந்தக் காட்சியைப் பார்க்க விளிம்பில் அறை எடுக்கவேண்டும் என்பதும் கிடையாது. கமாரியிலிருந்து ஃபிராவுக்குப் பொதுப் பேருந்தில் சுமார் இருபது நிமிடம். நிலையத்திலிருந்து மெல்ல ஏறி ஐந்து, பத்து நிமிடத்தில் பெரிய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம். அதன் முன்னால் விளிம்போரச் சுவர். அம்மா அங்கே உட்கார்ந்துகொண்டே முழுக் கால்டெராவையும் பார்க்கலாம். போக வர ஆளுக்கு 5 யூரோ என்று வைத்தாலும் ஒன்பது பேருக்கு 45. மூன்று மாலை போனாலும் 135. அறை விலை வித்தியாசமோ 5,040. டிக்கெட் பஸ்ஸிலேயே, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். தீவின் பேருந்துகள் எல்லாம் ஃபிராவைச் சுற்றியே ஓடுகின்றன, கமாரியிலிருந்து இயா போக ஃபிராவில் மாறவேண்டும். இயாவில் அஸ்தமனம் முடிந்ததும் நிலையத்தில் கூட்டம் அம்மும். அம்மாவை அழைத்துப்போகிற நாளில் ஃபிராவிலேயே பார்ப்பது மேல்.

கமாரியா, பெரிசாவா என்றால் உங்களுக்குக் கமாரி. வரைபடத்தில் இரண்டும் ஒட்டியிருப்பதாகத் தோன்றும். நடுவே மெசா வூனோ மலை நிற்கிறது, சாலையில் சுற்றித்தான் போகவேண்டும். பெரிசா ஃபிராவுக்கு இன்னும் தூரம். கமாரியில் கடலோர நடைபாதை சமதளம், அம்மாவுக்கு நல்லது. விமான நிலையம் பக்கம், டாக்சிச் செலவு குறைவு. அதே காரணத்தால் விமானச் சத்தமும் கேட்கும். தூக்கம் லேசானவர் என்றால் தெற்குக் கோடியில், மலையடிப் பக்கம் அறை கேளுங்கள். கரையில் கறுப்பு மணலும் கூழாங்கல்லும் கலந்திருக்கும். மதியத்தில் சூட்டில் கால் வைக்க முடியாது, பிள்ளைகளுக்கு ரப்பர் செருப்பு கட்டாயம். தண்ணீர் சீக்கிரம் ஆழமாகும். ஆழமில்லாத இடம் வேண்டுமென்றால் பக்கத்தில் மொனோலிதோஸ் இருக்கிறது. அடுப்பும் ஃபிரிட்ஜும் உள்ள அறையாகப் பாருங்கள். குழாய்த் தண்ணீர் உப்புக் கரிப்பதால் குடிக்கப் போத்தல் வாங்கவேண்டிவரும். ஒன்பது பேருக்குக் கடைக்குக் கடை ஒவ்வொன்றாக வாங்கினால் கை கடிக்கும், சூப்பர் மார்க்கெட்டில் கட்டாக வாங்கி உள்ளே வையுங்கள்.

"ஒரு இரவாவது விளிம்பில்" என்று அத்தான் இறங்கி வரலாம். ஜூலையில் பல இடங்கள் இரண்டு மூன்று இரவுக்குக் குறைவாகத் தருவதில்லை. காலை 11-க்கு ஒரு அறையைக் காலி செய்து, மாலை 3-க்கு இன்னொன்றில் நுழைய, நடுவில் ஒன்பது பேரும் பெட்டிகளோடு வெயிலில். அவருக்கு வேண்டுமென்றால் அவர் குடும்பம் மட்டும், அவர் கார்டில் போகட்டும். அதில் வருத்தப்பட எதுவும் இல்லை.

கமாரி ஹோட்டல் அறைக்கு 125 யூரோவிலும் திரும்பக் கிடைக்காத கட்டணம் காட்டியிருக்கும். 15 யூரோ மிச்சம் என்று அதை அழுத்தாதீர்கள். 18 அறை-இரவுக்கு வித்தியாசம் 270, அதைக் காப்பீட்டுக் கட்டணமாக நினையுங்கள். 2025 ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரியிலும் சான்டோரினிக்கும் அமோர்கோஸுக்கும் இடையே தொடர் நிலநடுக்கங்கள் வந்து 11,000-க்கும் மேற்பட்டோர் தீவை விட்டு வெளியேறினார்கள். அரசு அவசரநிலை அறிவித்தது. அது ஜூலையில் வந்திருந்தால், திரும்பக் கிடைக்காத அறைக்குப் பணம் கட்டியவர் ஹோட்டல்காரரின் மனசை நம்பித்தான் நிற்கவேண்டியிருக்கும். 68 வயது அம்மாவோடு போகிறீர்கள். அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் கணக்கு அதேதான்.

முன்பதிவுத் தளத்தில் "நான்கு தவணையில் கட்டலாம்" என்ற பொத்தான் வரும். வட்டி இல்லை என்றே எழுதியிருந்தாலும் தொடாதீர்கள். உங்களைப் போல ஏற்கனவே கார்டில் பாக்கி வைத்திருப்பவருக்கு அது இன்னொரு மாதத் தேதியைச் சேர்க்கும். ஒரு தவணை தவறினால் அபராதம் தனி. இரத்து செய்யும்போது ஹோட்டல் பணத்தைத் தந்த பிறகும் தவணை நிறுவனம் கணக்கை மூடும்வரை இரண்டு இடத்திலும் நீங்கள்தான் அலையவேண்டும். இலவச இரத்து வசதியுள்ள அறைகள் பலவற்றில் இப்போது ஒரு காசும் கட்டவேண்டாம், ஹோட்டலில்தான் கட்டுவது. அதைவிட நல்ல தவணை எது?

பதிவை இப்படிச் செய்யுங்கள். உங்கள் அறையை நீங்கள், உங்கள் பெயரில். அத்தான் அறையை அத்தான், அவர் பெயரில். அம்மாவின் அறையை அக்கா பதியட்டும், உங்கள் பாதியை (6 இரவுக்கு 420, அரசுக் கட்டணத்துக்கு 15) அன்றே வங்கி வழியாக அக்காவுக்கு அனுப்பிவிடுங்கள். இந்த முறை முன்னால் போடுவது அவர்கள் பக்கமாக இருக்கட்டும். அத்தானிடம் நீங்கள் பேசுவதைவிட அக்காவிடம் பேசுவது எளிது: "கார்டில் பழைய பாக்கி இருக்கு அக்கா, இந்தத் தடவை என்னால் எல்லாருக்கும் போட முடியாது. நாங்கள் கமாரியில் போடுகிறோம், இணைப்பு அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்களும் போட்டுவிடுங்கள்." 1,100 பற்றி அதே பேச்சில் இழுக்காதீர்கள், அறைகள் பதிவான பிறகு தனியாகக் கேளுங்கள். மொத்தமாக முடியாதென்றால் மாதம் 200 வீதம் நிலையான வங்கி உத்தரவு போடச் சொல்லுங்கள், அரை வருடத்தில் முடியும்.

பதியும்போது இலவச இரத்துக்கான கடைசி நாளையும் நேரத்தையும் கைபேசியில் குறித்துவையுங்கள். அந்த நேரம் ஹோட்டல் இருக்கும் ஊரின் நேரம். கிரீஸ் பாரிஸைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே இரவு 11:59 என்றால் உங்கள் கடிகாரத்தில் 10:59.